ஜாப் ஒர்க் காசு கைக்கு வர்றது எப்படி: ஒரு பவர் டேபிள்காரன் கணக்கு

சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சரை மணி. டைலர், செக்கிங், கைமடி எல்லாம் சேத்து 22 பேர் சம்பளத்துக்கு நிக்கிறாங்க, பேங்க்ல 3,140 ரூபா கிடக்குது, கம்பெனிக்காரங்க நமக்குத் தர வேண்டியது மட்டும் நாலு லட்சத்துக்கு மேல. திருப்பூர்ல பவர் டேபிள் யூனிட், அதாவது கம்பெனி வெட்டிக் குடுக்கற துணிய கூலிக்கு தச்சுக் குடுக்கற ஜாப் ஒர்க் யூனிட், வச்சிருக்கறவங்க யாருக்கும் இது புதுசு இல்லீங்க. தைக்கிறதுக்கு சொல்லித்தர ஊர் பூரா ஆள் இருக்கு, தச்ச கூலிய வாங்கறதுக்கு சொல்லித்தர ஒருத்தரும் இல்ல, நானும் அடிபட்டு அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன். இப்பல்லாம் வசூல நான் ஆர்டர் பேசற அன்னைக்கே ஆரம்பிச்சிடறேன், அதத்தான் இங்க எழுதறேன்.

மொதல்ல ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 12,000 பீஸ், பீஸுக்கு 25 ரூபான்னு பேச்சுக்கு வைங்க, 3 லட்சம் பில்லு. அதுக்கு மேல ஜிஎஸ்டி 5 சதவீதம், 15,000. கம்பெனி காசு போட்டாலும் போடாட்டியும் மாசாமாசம் ரிட்டர்ன் போடறவங்க 20ஆம் தேதிக்குள்ள அந்த 15,000த்த கட்டியே ஆகணும், அதுக்கு முன்னாடி 15ஆம் தேதி பிஎஃப்பும் இஎஸ்ஐயும் வந்து நிக்கும், கரண்ட் பில்லு தனி. நமக்கு நிக்கிறது நூத்துக்கு எட்டுன்னா 24,000. வார சம்பளம் போட வெளிய ஒன்றரை வட்டிக்கு 3 லட்சம் வாங்கி, கம்பெனி 90 நாள் இழுத்தான்னா வட்டி மட்டும் 13,500. பாதிக்கு மேல போச்சுங்களா? அதாவது 90 நாள் கடனுக்கு 25 ரூபா குடுக்கறவன விட கைமேல 24 ரூபா குடுக்கறவன்தான் நமக்கு நல்ல பார்ட்டி. இது தெரியாம ஒரு ரூபா சேத்துக் கிடைக்குதேன்னு நான் மூணு வருஷம் ஓடியிருக்கேன். ரேட் பேசும்போதே நாளையும் பேசிடுங்க, ரெண்டையும் பிரிச்சுப் பேசவே கூடாது.

அடுத்து ஆளப் பாக்கறது. புது கம்பெனி ஆர்டர் தர்றேன்னு வந்தா அவங்க ஜிஎஸ்டி நம்பர வாங்கி ஜிஎஸ்டி போர்டல்ல போட்டுப் பாருங்க, லாகின் எதுவும் வேண்டாம், யாரு பேர்ல இருக்கு, எப்ப ரிஜிஸ்டர் பண்ணுனாங்க, கடைசியா எந்த மாச ரிட்டர்ன் போட்டிருக்காங்க எல்லாம் வந்துரும். கவர்மெண்டுக்கே நாலு மாசமா ரிட்டர்ன் போடாதவன் நமக்கு கரெக்டா காசு போடுவான்னு எனக்கு நம்பிக்கை இல்ல. இத விட பெரிய சோர்ஸ் ஒண்ணு இருக்கு, டெம்போ டிரைவர். எந்த கம்பெனிக்கு எந்த யூனிட்லருந்து சரக்கு போகுது, எந்த யூனிட்காரன் அங்க போய் சத்தம் போட்டுட்டு வந்தான், எந்த கேட்ல வாடகைக்கே மூணு நடை நடக்க விடுவாங்க, எல்லாம் அவங்களுக்குத் தெரியும். ஒரு டீ வாங்கிக் குடுத்து கேளுங்க போதும்.

ஆர்டர் பேசி முடிச்சதும் பேசுனத அன்னைக்கே வாட்ஸ்அப்ல எழுதி அனுப்பிடுங்க. ஸ்டைல் நம்பர், பீஸ் எவ்வளவு, ரேட் எவ்வளவு, பில்லு போட்ட எத்தன நாள்ல காசு, அவ்வளவுதான். அவங்க "ஓகே"ன்னு போட்டா போதும், பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) குடுத்தா இன்னும் நல்லது. வாய்ஸ் மெசேஜ்ல பேசாதீங்க, ஆறு மாசம் கழிச்சு தேடறப்ப கிடைக்காது. இதோட உத்யம் நம்பர், அதாவது சிறு தொழிலுக்கு கவர்மெண்ட் குடுக்கற ரிஜிஸ்ட்ரேஷன், எடுக்காதவங்க உடனே எடுங்க, கவர்மெண்ட் சைட்ல ஆதார் வச்சு நாமளே போட்டுக்கலாம், ஒரு பைசா ஃபீஸ் கிடையாது, ரெண்டாயிரம் மூவாயிரம் கேக்கற சைட்டெல்லாம் நடுவுல புகுந்தவன். அந்த நம்பர பில்லுலயே பிரிண்ட் பண்ணிடுங்க. தகராறு வந்த அப்புறம் எடுத்துக்கலாம்னு விடாதீங்க, நீங்க சரக்கு குடுத்தப்ப ரிஜிஸ்ட்ரேஷன் இருந்துச்சான்னுதான் மொதல்ல கேப்பாங்க.

இப்ப டிசி, அதாவது சரக்கோட வர்ற டெலிவரி சலான். எனக்கு அதிகமா காசு போனது இங்கதான். ஒரு தடவ ராத்திரி ஒம்பதரைக்கு கட்டிங் பண்டில் வந்து இறங்குது, டிசில 4,200 செட்டுன்னு போட்டிருக்கு, டெம்போக்காரர் கெளம்பணும்னு நிக்கிறாரு, எண்ணாம கையெழுத்து போட்டுட்டேன். ரெண்டு நாள் கழிச்சு லைன்ல ஏத்துனா ஒரு சைஸ்ல மட்டும் 86 பாடிக்கு கை இல்ல. போன் பண்ணுனா "நீங்கதான சைன் பண்ணியிருக்கீங்க"ன்னு ஒரே வார்த்த. பில்லு பாஸ் ஆகறப்ப துணி விலை, நூல் விலை, பிரிண்டிங் சார்ஜ் எல்லாம் சேத்து டெபிட் நோட் போட்டு நம்ம பில்லுல கழிச்சுட்டாங்க, பீஸுக்கு 25 ரூபா கூலிக்கு வேலை செஞ்சவன் பீஸுக்கு 180 ரூபா கட்டுனேன். அதுலருந்து என்ன பண்றேன்னா, எண்ண நேரம் இல்லாட்டி டிசில கையெழுத்துக்கு மேலயே "பண்டில் 42, பீஸ் எண்ணவில்லை, நாளை காலை 11க்குள் தெரிவிக்கப்படும்"னு எழுதி போட்டோ எடுத்துக்கறேன். மறுநாள் எண்ணி, குறைஞ்சா அந்த பண்டில் ஸ்டிக்கரோட போட்டோ மெர்ச்சண்டைசருக்கு (கம்பெனில ஆர்டரப் பாத்துக்கறவரு) போயிரும். அதே மாதிரி தச்சு அனுப்பறப்ப அவங்க செக்கிங் ஆளு கையெழுத்து, சீல், தேதி மூணும் இருக்கணும். ஆயில் கறை, ஊசி ஓட்டைன்னு எதுவா இருந்தாலும் ஒரு வாரத்துக்குள்ள சொல்லணும்னு மொத வாட்ஸ்அப்லயே எழுதிடுங்க, 60 நாள் கழிச்சு காசு கேக்கறப்ப பொறக்கற கறைங்கதான் நெறைய.

பில்லு, சரக்கு போன அன்னைக்கே போயிரணும். மாசக் கடைசில மொத்தமா போட்டுக்கலாம்னு வச்சிருந்தீங்கன்னா அந்த இருவது நாளு உங்க காசுல கம்பெனி நடக்குது. பில்லோட டிசி காப்பி, பிஓ காப்பி பின் பண்ணிக் குடுங்க, ஒண்ணு இல்லாட்டியும் அந்தப் பில்லு டிரேயோட அடிக்கு போயிரும்.

போன் பண்றதுல ஒரு முறை இருக்கு. "பணம் எப்பங்க வரும்"னு கேட்டா "எம்டி ஊர்ல இல்லீங்க"தான் பதில், அவரு என்னைக்குமே ஊர்ல இருக்க மாட்டாரு. அக்கவுண்ட்ஸ்ல இருக்கற பொண்ணுகிட்ட கோபப்பட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல, அந்தப் பொண்ணுக்கே சம்பளம் எட்டாந்தேதி வந்துச்சோ என்னவோ. நான் இப்படித்தான் பேசறது: "அம்மணி, நம்ம பில்லு இப்ப எந்த டேபிள்ல இருக்குங்க?" "மெர்ச்சண்டைசர் சைன் ஆகலீங்கண்ணா." "சரிங்க, அவருகிட்ட நான் பேசிக்கறேன், சைன் ஆகி வந்தா எந்தக் கெழமை பேமெண்ட்ல சேரும்?" "வெள்ளிக்கிழமைங்கண்ணா." முடிஞ்சுது. எங்க நிக்குதுன்னு தெரிஞ்சுது, அங்க போய் தள்ளணும். ஒவ்வொரு கம்பெனிலயும் பேமெண்ட் போடறதுக்கு ஒரு கெழமை இருக்கும், அதுக்கு முந்தின நாள் காலைல போன் பண்ணுங்க, பேமெண்ட் அன்னைக்கு சாயங்காலம் பண்ணி என்ன ஆகப்போகுது. போன வச்சதும் "நீங்க சொன்னபடி 14ஆம் தேதி 1,50,000, நன்றிங்க"ன்னு ஒரு மெசேஜ். பணத்துக்கு கேஸ் போட சட்டம் குடுக்கற டைம் 3 வருஷம், அந்த நடுவுல பாக்கிய ஒத்துக்கிட்டு எழுத்துல கையெழுத்து வாங்கி வச்சா திரும்ப மொதல்லருந்து எண்ணுவாங்க, அதனால வருஷா வருஷம் மார்ச் 31 பேலன்ஸுக்கு ஒரு கன்ஃபர்மேஷன் லெட்டர்ல சீலும் சைனும் வாங்கிடறேன்.

கல்யாண மண்டபத்துல பாத்தா மட்டும் கேக்காதீங்க. பந்தில எலைக்கு முன்னாடி உக்காந்திருக்கறவருகிட்ட ஒரு தடவ கேட்டுட்டேன், காசு மறுநாளே வந்துச்சு, ஆர்டர் அதுக்கப்புறம் வரவே இல்ல.

மச்சான் பையன் காலேஜ் படிக்கறான், "மாமா ஏஐல லெட்டர் போட்டா சூப்பரா வரும்"னு இங்கிலீஷ்ல ஒரு ரிமைண்டர் அடிச்சுக் குடுத்தான். பெரிய பெரிய வார்த்தையா அழகாத்தான் இருந்துச்சு, நானும் அனுப்பிட்டேன். பத்து நிமிஷத்துல அந்த கம்பெனி ஓனரே லைன்ல, "ஏனுங்க, வக்கீல் நோட்டீஸ் உடற அளவுக்கு நாம என்ன பண்ணிட்டோம்?"னு கேக்கறாரு. பன்னெண்டு வருஷப் பழக்கம். இப்பவும் அதே ஏஐயத்தான் யூஸ் பண்றேன், ஆனா பாக்கிப் பட்டியல தேதிவாரியா அடுக்கறதுக்கு மட்டும். மெசேஜ நானே தமிழ்ல அடிச்சுக்கறேன்.

செக் குடுத்தா "நான் சொல்றப்ப போடுங்க"ன்னு ஒரு வார்த்த வரும். செக்குக்கு ஆயுசு தேதிலருந்து 3 மாசம், அதுக்கு மேல காகிதம். ரிட்டர்ன் ஆச்சுன்னா பேங்க் மெமோ வந்த 30 நாளுக்குள்ள நோட்டீஸ் போகணும், நோட்டீஸ் கிடைச்சு 15 நாள்ல காசு வராட்டி அடுத்த ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்டுக்குப் போகணும். "பாத்துக்கலாம் விடுங்க"ன்னு அவங்க சொல்ற இடமே இந்த 30 நாளத் தாண்ட வைக்கறதுக்குத்தான்.

சட்டத்துல நமக்கு இருக்கற பிடி என்னன்னு தெரிஞ்சு வச்சுக்குங்க. 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர தொழில்) சட்டப்படி எழுத்துல ஒப்பந்தம் இல்லாட்டி 15 நாள்ல காசு தரணும், இருந்தாலும் 45 நாளுக்கு மேல போகக்கூடாது, போனா ரிசர்வ் பேங்க் அறிவிக்கற பேங்க் ரேட்ட போல மூணு மடங்கு கூட்டு வட்டி. 2023 பட்ஜெட்ல வருமான வரி பக்கம் ஒரு ஆப்பு வச்சாங்க: மைக்ரோ, ஸ்மால் யூனிட்டுக்கு அந்த நாளுக்குள்ள காசு தராம வருஷக் கடைசிலயும் பாக்கி நின்னா அந்த செலவ அந்த வருஷக் கணக்குல கழிக்க முடியாது. தயாரிப்பு, சர்வீஸ் பண்ற நமக்கு இது செல்லும், வாங்கி விக்கிற யாவாரிக்கு செல்லாது. ஜிஎஸ்டிலயும் 180 நாள்ல நமக்கு காசு தராட்டி நம்ம பில்லுல இருக்கற ஜிஎஸ்டிக்கு அவங்க எடுத்த இன்புட் கிரெடிட்ட (அவங்க வரில கழிச்சுக்கிட்டத) வட்டியோட திருப்பணும். இத வச்சு மெரட்ட வேண்டாம், மார்ச் மொத வாரத்துல அவங்க ஆடிட்டருக்கு நம்ம உத்யம் சர்டிபிகேட்டையும் பாக்கி லிஸ்ட்டையும் மரியாதையா அனுப்பி வைங்க, மீதிய அவரே பேசிக்குவாரு. இழுத்தடிக்கற காசுக்குன்னு கவர்மெண்ட் வச்சிருக்கற எம்எஸ்எம்இ போர்டல்ல கம்ப்ளெயிண்ட் போடறது கடைசி. போட்டா அந்த கம்பெனி ஆர்டர் நமக்கு இல்லன்னு ஆயிரும், இனி இவனோட வேண்டாம்னு முடிவு பண்ணுன ஒருத்தர் மேல மட்டும் நான் போட்டேன்.

எல்லாரும் கேக்கறது, காசு தராட்டி பீஸ நிறுத்தி வைக்கலாமான்னு. 1872 காண்ட்ராக்ட் சட்டத்துல 170ஆவது பிரிவு இருக்கு, அதுல குடுத்திருக்கற உதாரணத்துல ஒரு டைலரே வர்றாரு. துணி வாங்கி கோட்டு தச்சவன் கூலி வர்ற வரைக்கும் கோட்ட வச்சுக்கலாம், ஆனா முடிஞ்சதும் குடுத்துர்றேன், மூணு மாசம் கழிச்சு காசு குடுங்கன்னு ஒத்துக்கிட்டவன் வச்சுக்க முடியாது. 150 வருஷம் முன்னாடி நம்மள மாதிரி ஆளப் பாத்துத்தான் எழுதியிருப்பாங்க போல. கடன்னு ஒத்துக்கிட்டா பிடி போச்சு, போன ஆர்டர் பாக்கிக்கு இந்த ஆர்டர் பீஸையும் பிடிச்சு வைக்க முடியாது. அதனால பாக்கி நிக்கிற கம்பெனி அடுத்த லாட் அனுப்பறேன்னா, கட்டிங் இறங்கறதுக்கு முன்னாடியே பழைய பில்லு கிளியர் ஆகணும், இந்த லாட்டுக்கு பாதி டெலிவரிக்கு முன்னாடின்னு எழுதி ஓகே வாங்கிடுங்க. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டப்ப ஊர்ல ஆர்டர் படுத்துச்சு, அந்த நேரம் பயந்துட்டு எந்த கண்டிஷனும் இல்லாம கட்டிங் வாங்குனவங்கதான் ரொம்ப மாட்டுனாங்க.

என் பாக்கி ஷீட்ல நாலே கட்டம்: கம்பெனி, பில்லு தேதி, தொகை, கடைசியா யாரு என்ன சொன்னாங்க. வியாழக்கிழமை காலைல பத்து மணிக்கு மெஷின் சத்தம் ஆரம்பிச்ச அப்புறம் அதத் திறந்து 40 நாள் தாண்டுனத மட்டும் மஞ்சள் அடிப்பேன். இந்த வாரம் மூணு மஞ்சள். ரெண்டு பேரு எடுத்துட்டாங்க, ஒருத்தரு இன்னும் ரிங் போயிட்டே இருக்கு.