பனியனையும் கழற்றுங்கள், அப்பாக்களே

என் மகள் சிசேரியனில் பிறந்தாள். துணியில் சுற்றிய குழந்தையை என்னிடம் நீட்டிய நர்ஸ், "சட்டையைக் கழற்றிவிட்டு மார்பில் போட்டுக்கொள்ளுங்கள், சார்" என்றார். சுற்றிலும் மாமியார், சின்ன மாமியார், என் அக்கா. சட்டையைக் கழற்றினேன், பனியனைக் கழற்றக் கூச்சம் விடவில்லை. குழந்தையைச் சுற்றியிருந்த துணியையும் பிரிக்கவில்லை. ஐந்து நிமிடம் மரக்கட்டைபோல் உட்கார்ந்திருந்து, ஒரு படம் எடுக்கச் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் செய்ததற்குப் பெயர் குழந்தையைப் பார்த்துவிட்டு வருவது. தோலோடு தோல் சேர்ப்பது வேறு வேலை.

கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-இல் இன்குபேட்டர்கள் போதாத ஒரு மருத்துவமனையில், எட்கர் ரே சனாப்ரியா என்ற குழந்தை மருத்துவர் குறைப்பிரசவக் குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்து வைக்கச் சொன்னார். கங்காரு முறை அப்படித்தான் தொடங்கியது. பச்சிளம் குழந்தைக்கு நம்மைப்போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. அதன் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். அந்தச் சூட்டை அப்பாவின் மார்பும் தரும், ஆனால் நடுவில் துணி இருக்கக் கூடாது. குழந்தைக்கு டயப்பரும் தொப்பியும் போதும். முதுகுக்கு மேல் ஒரு போர்வை. கூச்சக்காரர்களுக்கு ஒரு வழி உண்டு: முன்பக்கம் பொத்தான் வைத்த தொளதொள சட்டையைத் திறந்து, குழந்தையை உள்ளே வைத்து, சட்டையால் இருவரையும் மூடிக்கொள்ளலாம். இதை யாரும் எனக்கு அன்று சொல்லவில்லை.

போர்வையிலும் நம்மவர்கள் இரண்டு எல்லைக்குப் போகிறார்கள். ஈரம் காயாத குழந்தையோடு ஏசிக்கு நேரே உட்காருபவர் ஒருவர். மே மாத வெயிலில் கம்பளியால் மூடுபவர் இன்னொருவர். குழந்தையின் கைகால் சற்றுக் குளிர்ந்திருப்பது இயல்பு, அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் போர்வையை விலக்குங்கள்.

மார்பில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். வாசனைத் திரவியம் வேண்டாம். தலைவலித் தைலம் கட்டாயம் வேண்டாம். அதிலுள்ள கற்பூரமும் மென்தாலும் பச்சிளம் குழந்தையின் மூச்சைப் பாதிக்கும். மருத்துவமனை வராந்தாவில் இரண்டு இரவு படுத்த அப்பாவின் நெற்றியிலும் மூக்கிலும் தைலம் இல்லாமலிருப்பது அரிது என்பதால் சொல்கிறேன். சங்கிலி, டாலரைக் கழற்றி வையுங்கள். சளி, காய்ச்சல், தோலில் புண் இருந்தால் அன்று விட்டுவிடுங்கள். மார்பு முடியை மழிக்க வேண்டுமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம்.

இனி, உயிரோடு விளையாடும் தவறு. தலை நிற்காத குழந்தையைப் படுக்கைவாட்டில் மடியில் கிடத்துவதுபோல் மார்பில் கிடத்திவிடுகிறோம். அதன் முகவாய் நெஞ்சில் போய்ப் பதிந்துவிடுகிறது. பச்சிளம் குழந்தையின் மூச்சுக்குழாய் மெல்லியது, கழுத்து அப்படி மடங்கினாலே அடைபடும், அழக்கூட முடியாது. குழந்தையை நிமிர்த்தி, மார்போடு மார்பாக வையுங்கள். தலை ஒரு பக்கம் திரும்பியிருக்கட்டும், முகவாய் லேசாக உயர்ந்திருக்கட்டும். கால்கள் தவளைக்கால்போல் மடங்கியிருக்க வேண்டும். மூக்கும் வாயும் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். போர்வை தோளுக்கு மேல் ஏறக் கூடாது. நீங்களும் மல்லாந்து படுக்காமல் சற்றுச் சாய்ந்து உட்காருங்கள். உதடு நீலம் பாரித்தாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ, குழந்தை துவண்டு போனாலோ உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இதைவிடப் பயங்கரமானது அப்பா தூங்கிவிடுவது. மார்பில் ஒரு சூடான சிறு பாரம், சீரான மூச்சு, அரை இருட்டு அறை. இதைவிட நல்ல தாலாட்டு கிடையாது, கண் தானாகச் சொருகும். சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ குழந்தையோடு தூங்கிப்போவது கட்டிலில் தூங்குவதைவிட ஆபத்தானது என்று குழந்தை மருத்துவர்கள் அடித்துச் சொல்கிறார்கள்: குழந்தை நழுவி மெத்தைக்கும் உடம்புக்கும் நடுவே முகம் புதைந்துவிடும். புகைபிடிப்பவர், மது அருந்தியவர் என்றால் ஆபத்து இன்னும் கூடும். கண் சொருகுகிறதா? கௌரவம் பார்க்காமல் குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்துங்கள், அல்லது விழித்திருப்பவரிடம் கொடுங்கள். விழித்திருப்பதற்காகச் செல்பேசியைக் கையில் எடுப்பவர்களும் உண்டு. அவர்கள் கண் திரையில் இருக்கும், குழந்தையின் மூக்கில் இருக்காது.

எவ்வளவு நேரம்? என் ஐந்து நிமிடம் எதற்கும் உதவாது. குழந்தை அமைதியாகி ஒரு தூக்கம் போடவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். 2.5 கிலோவுக்குக் குறைவான எடையிலோ குறைமாதத்திலோ பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை இப்படி வைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. எந்தத் தாய் தனியாக அதைச் செய்ய முடியும்? "குட்டியூண்டு குழந்தை, எனக்குத் தொடப் பயம்" என்று ஒதுங்கும் அப்பாதான் அங்கே மிகவும் தேவைப்படுகிறார்.

அதற்காகத் தாயின் முறையைப் பறித்துக்கொள்வதும் தவறுதான். பிறந்த முதல் ஒரு மணி நேரம், அவர் நலமாக இருந்தால், அவருக்கும் முதல் பாலுக்கும் உரியது. அவர் அறுவைக் கூடத்தில் இருக்கும்போதுதான் அப்பாவின் மார்பு. தமிழ்நாட்டில் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், ஆகவே இது அரிய சந்தர்ப்பம் அல்ல. ஸ்வீடனில் சிசேரியனில் பிறந்த குழந்தைகளை வைத்துச் செய்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், தொட்டிலில் கிடந்தவற்றைவிட அப்பாவின் மார்பில் இருந்தவை குறைவாகவே அழுதன. குழந்தை உங்கள் மார்பில் வாயைத் திறந்து தேடத் தொடங்கினால், அது பாசத்தில் முத்தமிடுவதாக மகிழ்ந்து படம் எடுக்காதீர்கள். பசி. அம்மாவிடம் கொடுங்கள்.

ஆனால் எல்லா அழுகையும் பசி அல்ல. முதல் சிணுங்கலிலேயே "இந்தா, உன்னைத்தான் தேடுகிறான்" என்று நீட்டிவிடுவது நம் பரம்பரைப் பழக்கம். சற்றுமுன் பால் குடித்த குழந்தை என்றால் இரண்டு மூன்று நிமிடம் முதுகைத் தடவிப் பாருங்கள். முதல் நாளே பாசம் பொங்கவில்லை என்று கலங்கவும் வேண்டாம். பல அப்பாக்களுக்கு வாரக்கணக்கில் ஆகும்.

நம் ஊரில் தலைப்பிரசவம் பெரும்பாலும் தாய் வீட்டில். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் வேலையில் முதலாளியின் மனசுதான் சட்டம். ஆகவே சனிக்கிழமை பஸ் ஏறிப்போய் ஞாயிறு திரும்பும் அப்பாக்களே அதிகம். அந்த ஒன்றரை நாளிலும் கூடத்தில் விருந்தாளியாகக் காபி குடித்துக்கொண்டிருக்காதீர்கள். மதியப் பால் முடிந்ததும் குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். மனைவி ஒரு மணி நேரம் தூங்கட்டும். செல்பேசியை வெளியே வைத்துவிட்டு அறைக்குள் போங்கள். மாமியார் நடுவில் கதவைத் தட்டத்தான் செய்வார். "தூங்குகிறான், அத்தை" என்று உள்ளிருந்தே மெல்லச் சொன்னால் போதும்.