ஹார்ப்சிகார்ட் கேட்கப் போகிறீர்களா? முதலில் வால்யூமைக் குறையுங்கள்

ஹார்ப்சிகார்ட் என்பது பியானோபோலக் கட்டைகளை அழுத்தி வாசிக்கும் பழைய தந்தி வாத்தியம். அதன் பதிவை முதன்முதலில் போட்டபோது, யாரோ தகரத்தில் ஆணி கொட்டுவதுபோல இருந்தது. இரண்டே நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். தப்பு வாத்தியத்தின் மேல் இல்லை, நான் வைத்திருந்த வால்யூமின் மேல்.

படி 1: பியானோவுக்கு வைக்கிற வால்யூமில் பாதி வையுங்கள். நேரில் இது சன்னமான வாத்தியம். மைக்கை நெருக்கி வைத்துப் பதிவு செய்தால் அதுவே காதைக் குத்தும்.

படி 2: பிரெஞ்சு இசையமைப்பாளர் பிரான்சுவா கூப்பரான் 1717இல் வெளியிட்ட 'லே பாரிகாட் மிஸ்தெரியூஸ்' போடுங்கள். சின்னத் துண்டுதான், முழுக்கக் கீழ் ஸ்தாயியில் போகும். பியானோவில் சுத்தியல் தந்தியை அடிக்கிறது. ஓங்கி அழுத்தினால் சத்தம் கூடும். இங்கே இறகுத் தண்டு ஒன்று (இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக்) தந்தியைச் சுண்டிவிடுகிறது. எப்படி அழுத்தினாலும் ஏறக்குறைய ஒரே சத்தம்தான். அப்புறம் உணர்ச்சி எங்கிருந்து வருகிறது? விரலை எடுக்கும் நேரத்திலிருந்து. ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டே அடுத்ததை இழுத்துவிடுகிறார்கள், இல்லையென்றால் ஒரு நூலிழை தாமதிக்கிறார்கள். இந்தத் துண்டு முழுக்க அந்த வித்தைதான். மூன்று தடவையாவது கேளுங்கள்.

படி 3: 1741இல் அச்சான, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ். மாறுபாடுகளுக்கெல்லாம் முன்னால் வரும் தொடக்க மெட்டை (ஆரியா) மட்டும் கிளென் கூல்டின் 1955 பியானோ பதிவிலும், குஸ்தாவ் லியோன்ஹார்ட்டின் ஹார்ப்சிகார்ட் பதிவிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எது உசத்தி என்ற சண்டை வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: இதை எழுதியது இரண்டு அடுக்குக் கட்டைகள் உள்ள ஹார்ப்சிகார்டுக்கு. பியானோவில் கைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இடித்துக்கொள்ளும் சில இடங்களில், இங்கே ஆளுக்கொரு அடுக்கு.

படி 4: சரி, இப்போது பல வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் கூட்டத்துக்குள் போகலாம். பாக்கின் பிராண்டன்பர்க் கான்செர்டோ 5. தேடும்போது பி.டபிள்யூ.வி. (பாக்கின் படைப்புப் பட்டியல்) 1050 என்ற எண்ணையும் சேர்த்துப் போட்டால் வேறு எதுவும் குறுக்கே வராது. நெதர்லாந்து பாக் சொசைட்டியின் இலவச வீடியோக்கள் நல்ல தொடக்கம். முதல் பகுதியில் புல்லாங்குழலையும் வயலினையும் விட்டுவிட்டு ஹார்ப்சிகார்டின் இடது கையைப் பின்தொடருங்கள்; செல்லோவும் அதே வழியில்தான் நடக்கும். இந்த அடித்தளத்துக்குக் கன்டினியுவோ என்று பெயர். அந்தக் கால அறை இசையில் ஹார்ப்சிகார்டுக்கு வழக்கமாகக் கிடைத்த வேலை இதுதான். ஆனால் பகுதி முடியப்போகும் நேரத்தில் எல்லோரும் வாயடைத்துப்போக, இத்தனை நேரம் பக்கவாத்தியம்போல இருந்த அது தனியாக வெளுத்து வாங்கும்.

படி 5: பதிவான ஆண்டைப் பாருங்கள். ஹார்ப்சிகார்ட் கலைஞர் வாண்டா லாண்டோவ்ஸ்கா 1933இல் கோல்ட்பர்க்கைப் பதிவு செய்தது பிளேயல் கம்பெனி செய்த கனத்த நவீன வாத்தியத்தில். பிற்காலப் பதிவுகளில் பெரும்பாலும் பழைய வாத்தியங்களின் நகல்கள். சுருதியும் 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் 415, அதாவது அரைக் கட்டை கீழே. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால் அபஸ்வரமோ என்று தோன்றும். இல்லை.

இத்தாலிய இசையமைப்பாளர் ஸ்கார்லாட்டியின் 555 சொனாட்டாக்களையும் (தனி வாத்தியத் துண்டுகள்) ஹார்ப்சிகார்ட் கலைஞர் ஸ்காட் ராஸ் பதிவு செய்திருக்கிறார். முதலிலிருந்து வரிசையாகக் கேட்க உட்கார்ந்துவிடாதீர்கள். கே. 208 என்ற பட்டியல் எண் உள்ளதை மட்டும் ஒரு ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு, வால்யூமை இன்னும் ஒரு புள்ளி குறைத்துக் கேளுங்கள்.