கண்மாய்க்கரையில் பறவைப் படம்: ஃபோகஸும் ஃப்ரேமும் பழகும் வழி

பறவைப் படம் எடுக்கக் கிளம்பும் பலருக்கும் முதல் ஆசை பருந்தும் வல்லூறும்தான். 2022-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட, மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டியில் வல்லூறுகள் உண்டு, ஆனால் பாறை உச்சியில் புள்ளியாகத் தெரியும். பழகுவதற்கு அது சரிப்படாது. பஞ்சுருட்டானில் தொடங்குங்கள். மதுரையைச் சுற்றி எந்தக் கண்மாய்க்கரைக்குப் போனாலும் கம்பியிலோ காய்ந்த கிளையிலோ அந்தப் பச்சைக் குருவி உட்கார்ந்திருக்கும். பூச்சியைக் கண்டதும் பாயும், பிடித்ததும் பெரும்பாலும் அதே கிளைக்குத் திரும்பும். ஒரு படம் தப்பினாலும் சற்று நேரத்தில் அடுத்த வாய்ப்பு வந்துவிடும். 70-300 மி.மீ. ஜூம் லென்ஸே இதற்குத் தாராளம்.

1. வீட்டிலேயே கேமராவைத் தயார் செய்யுங்கள்

ஃபோகஸ் முறையைத் தொடர் ஃபோகஸுக்கு மாற்றுங்கள், பறவை நகர நகர ஃபோகஸும் கூடவே நகரும். நிக்கான், சோனியில் அது ஏஎஃப்-சி. கேனானில் ஏஐ சர்வோ அல்லது சர்வோ. ஃபோகஸ் பரப்பை சிங்கிள் பாயிண்டில், அதாவது ஒரே ஒரு சின்னக் கட்டத்தில் வையுங்கள். ஷட்டர் வேகம் 1/1000 நொடி, லென்ஸ் முழுதாகத் திறந்து (எஃப் எண் இருப்பதிலேயே சின்னதாக), ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ ஆட்டோவில். ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டும், பரவாயில்லை. ஆடிப்போன படத்தைத்தான் எதுவும் செய்ய முடியாது.

2. நிற்கும் இடம்

காலையில் கண்மாயின் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். வெயில் உங்கள் முதுகில், வெளிச்சம் பறவை மேல். மார்கழி, தையில் இன்னொரு வசதியும் சேர்கிறது. அப்போது காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசும். பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், இறங்கும். அதனால் பாதி நேரம் உங்கள் பக்கம் முகம் காட்டியே பறக்கும். சாமநத்தம் கண்மாயில் நாரைக் கூட்டம் எழும்பும்போது இதைப் பார்த்தாலே புரியும்.

3. கண்ணில் ஃபோகஸ்

சீமைக்கருவேலம்தான் நம் ஊரில் ஃபோகஸுக்கு முதல் எதிரி. கேமராவுக்குப் பறவையும் முள்ளும் ஒன்றுதான். முன்னால் எது நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். சிங்கிள் பாயிண்ட் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அந்தச் சின்னக் கட்டத்தைப் பறவையின் கண்மேல் வையுங்கள். வால் மங்கலாக இருந்தாலும் கண் தெளிவாக இருந்தால் படம் தேறிவிடும். பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் புது கேமரா என்றால் அந்த வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் முள்ளுக்குள் அதுவும் தடுமாறும்.

பஞ்சுருட்டானுக்குக் கண்ணை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டை ஓடும். வெளிச்சம் சரியில்லையென்றால் கண்ணே அதில் கரைந்துவிடும். பறவை தலையைச் சற்றுத் திருப்பி, அதன் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும் வரை பொறுங்கள். அப்போது நாலைந்து படம் தொடர்ச்சியாக அழுத்துங்கள். பூச்சியைக் கிளையில் அடிக்கும்போது தலை வேகமாக ஆடும். அதற்கு 1/2000-க்குப் போங்கள். உடனே திரையில் பெரிதாக்கிக் கண்ணைச் சரிபாருங்கள். சின்னதாகப் பார்த்தால் எல்லாப் படமும் கூர்மையாகத்தான் தெரியும்.

4. முதலில் பின்னணி, அப்புறம் பறவை

கிளைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒட்டினாற்போல் புதர் இருந்தால் படம் குப்பையாகிவிடும். ஐம்பது அடிக்கு அப்பால் தண்ணீரோ வயலோ இருந்தால் பின்னணி பச்சைத் துணி விரித்ததுபோல் கரையும். பெரும்பாலும் இரண்டடி இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்ந்தால் போதும். தண்ணீர்ப் பறவை என்றால் உட்கார்ந்துவிடுங்கள். கரை மேல் நின்று எடுத்த நெடுங்கால் உள்ளானுக்கு முதுகுதான் தெரியும். தண்ணீர் மட்டத்துக்கு இறங்கினால் அந்தச் சிவப்புக் காலும் தண்ணீரில் விழும் பறவையின் நிழலும் சேர்ந்து கிடைக்கும். நிழலின் தலையை வெட்டிவிடாதீர்கள்.

பறவை பார்க்கும் திசையில் அதிக இடம் விடுங்கள். ஃப்ரேமை முழுக்க அடைக்கவும் வேண்டாம். மடைக்கல்லில் உட்கார்ந்த மீன்கொத்திக்கு அந்த மடையும் அழகுதான்.

5. கொக்கும் காக்கையும்

கொக்கின் வெள்ளை வெயிலில் வெளிறி இறகே தெரியாமல் போகும். கேமராவின் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) -0.7 அளவுக்குக் குறையுங்கள். வெளிறிய வானத்தின் முன் உட்கார்ந்த கரிச்சானுக்கும் காக்கைக்கும் நேர்மாறாகக் கூட்டுங்கள்.

6. கூடு இருந்தால்

பிப்ரவரிக்குப் பிறகு பஞ்சுருட்டான் மண் கரையில் வளை தோண்டி முட்டையிடும். பிடித்த பூச்சியை விழுங்காமல் அலகிலேயே வைத்துக்கொண்டு உங்களையே பார்த்தபடி இருந்தால் வளை பக்கத்தில்தான் இருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அது உள்ளே போகத் தயங்கும், குஞ்சு பட்டினி கிடக்கும். படம் எவ்வளவு நன்றாக வந்தாலும் சரி, கேமராவைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுங்கள்.