மேற்கோள் காட்டுமுன்: எழுத்தில் வந்த தகவலை எடைபோடும் முறை

ஒப்படையிலோ கட்டுரையிலோ ஓர் எண்ணை எழுதப் போகிறீர்கள். அது எந்தத் தளத்தில் வந்தது என்பதைவிட, அந்தத் தளத்துக்கு அது எங்கிருந்து கிடைத்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நல்ல பத்திரிகையிலும் பிழையான எண் அச்சாகும். கட்சித் துண்டுப்பிரசுரத்திலும் சரியான திகதி இருக்கும். ஆகவே நீங்கள் எடுக்கப்போகும் அந்த ஒரு வாக்கியத்தை எடைபோடுங்கள்.

அது "தெரிவிக்கப்படுகிறது", "வட்டாரங்கள் கூறுகின்றன" என்று முடிந்தால் பொறுப்பேற்க ஆளில்லை. அதில் ஆறேழு சொற்களை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். ஐந்து தளங்களில் எழுத்துப்பிழை உட்பட ஒரே மாதிரி வந்தால் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு சாட்சிதான். திகதியால் மூத்ததைப் பிடித்து, அது யாரைக் காட்டுகிறது என்று பின்னோக்கிப் போங்கள்.

எண் என்றால் யார், எப்போது, எந்தப் பிரதேசத்தில் எண்ணினார்கள் என்று பார்க்க வேண்டும். இலங்கையின் 2022 செப்டெம்பர் பணவீக்கம் 69.8 சதவீதம் என்று ஒரு கட்டுரை சொல்லும், 73.7 என்று இன்னொன்று சொல்லும். இரண்டும் சரி. முன்னது கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், பின்னது தேசிய சுட்டெண்; இரண்டையும் வெளியிடுவது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களமே. கொழும்புச் சுட்டெண் கொழும்பு மாவட்ட நகர்ப்புறக் குடும்பங்களின் செலவை வைத்தது. அதைக் கொண்டு மட்டக்களப்பு விலைவாசியை எழுத முடியாது. அதே சுட்டெண் 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதத்தைக் காட்டியதும் "விலை குறைந்தது" என்று எழுதிவிடத் தோன்றும். உண்மையில் ஏறிய விலை ஏறியபடியே நின்றது. ஏறும் வேகம்தான் குறைந்தது.

2001 குடிசன மதிப்பீடு இன்னும் பெரிய பொறி. வடகிழக்கின் ஏழு மாவட்டங்களில் அது முழுமையாக நடக்கவில்லை. 25 மாவட்டங்களில் 18 மட்டுமே முழுமையாக எண்ணப்பட்டன. அந்த 18ஐ மட்டும் வைத்த அட்டவணையில் இலங்கைத் தமிழர் 4 சதவீதத்தை ஒட்டியே வருவர். 1981இல் 12.7, 2012இல் 11.2. மூன்றையும் ஒரே கோட்டில் இட்டு வரைபடம் கீறினால், நடுவில் யாழ்ப்பாணமே இல்லாத ஒரு நாடு வந்துவிடும். அட்டவணையின் அடியில் சிறிய எழுத்தில் உள்ள குறிப்பைத்தான் முதலில் வாசிக்க வேண்டும். அந்தக் குறிப்பை வெட்டிவிட்டுப் படமாகப் பகிரப்படும் அட்டவணையைத் தொடவே வேண்டாம்.

மொழிபெயர்த்த செய்தியில் பூச்சியங்களை எண்ணுங்கள். ஒரு மில்லியன் பத்து இலட்சம், ஒரு பில்லியன் நூறு கோடி. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் அனுமதித்த கடன் வசதி ஏறக்குறைய 3 பில்லியன் டொலர், அதாவது 300 கோடி. எங்காவது 30 கோடி என்று கண்டால் மாற்றும்போது நழுவியிருக்கிறது. தமிழகத் தளம் என்றால் ரூபாய் எந்த நாட்டு ரூபாய் என்றும் பாருங்கள்.

"வர்த்தமானி வெளியாகிவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் இலக்கத்தைத் தேடுங்கள். அதிவிசேட வர்த்தமானிக்கு 2226/48 போல ஓர் இலக்கம் இருக்கும்: முன்பகுதி அந்த வாரத்துக்குரியது, பின்பகுதி வாரத்துக்குள் வரிசை. (இது 2021 மே 6ஆம் திகதிய இரசாயன உர இறக்குமதித் தடைக்குரியது.) இலக்கத்தையும் திகதியையும் கொண்டு அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் தளத்தில் மூலப் பிரதியைத் திறக்கலாம். சட்டமாக இருந்தால் கடைசிப் பிரிவையும் பாருங்கள்: சிங்கள, தமிழ் உரைகள் முரண்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்றிருக்கும். உங்கள் வாதம் ஒரே சொல்லில் தொங்குகிறது என்றால் சிங்கள உரையையும் ஒப்பிட்டேயாக வேண்டும்.

நூல்களுக்கு வருவோம். பின்னட்டையில் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். அது நூலை அடையாளம் காட்டும் எண், தரச் சான்றிதழ் அல்ல. சொந்தச் செலவில் அச்சிட்டவருக்கும் அது கிடைக்கும். அடிக்குறிப்புகளில் மூன்றை எடுத்து, காட்டப்பட்ட பக்கங்களைத் திறந்து பாருங்கள். சொன்னது அங்கே இல்லாவிட்டால் மற்ற அடிக்குறிப்புகளையும் நம்ப முடியாது. பழைய தமிழ் நூல்கள் பல 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் இருக்கின்றன. இல்லாதவற்றுக்கு வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. முதற்பதிப்பின் ஆண்டு எது, மீள்பதிப்பின் ஆண்டு எது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதில்தான் அதிகம் பிழை விடுகிறார்கள்.

பழைய பத்திரிகைகளுக்கு கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களம். தினகரனை வெளியிடும் லேக் ஹவுஸ் நிறுவனத்தை அரசு 1973இல் தன் கட்டுப்பாட்டில் எடுத்ததால், அதற்குப் பிந்திய தினகரன் அமைச்சர் என்ன சொன்னார் என்பதற்கு நல்ல சான்று. சொன்னது நடந்ததா என்பதற்கு வேறொன்று வேண்டும். 1930இல் தொடங்கிய வீரகேசரியின் அதே வாரத்து இதழை அருகில் வைத்து வாசியுங்கள். தனியார் பத்திரிகைக்கும் சாய்வு உண்டு, ஆனால் அது வேறு பக்கம் சாயும்.

இத்தனைக்குப் பிறகும் ஓர் அரச எண்ணின் மூலம் அகப்படாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும். "பணவீக்கம் பற்றிய தகவல்" என்று பொதுவாகக் கேட்காமல் ஆண்டு, மாதம், மாவட்டம், அட்டவணையின் பெயர் ஆகியவற்றோடு கேளுங்கள்.