'வேன் அனுப்புறோம்' என்றால் போனை வைத்துவிடுங்கள்

குடியை விட முடியாத ஒருவரை மறுவாழ்வு மையத்தில் சேர்க்கலாம் என்று நாலு இடத்தில் விசாரித்தால், ஒரு இடத்திலாவது "அட்ரஸ் சொல்லுங்க, வேன் அனுப்பித் தூக்கிட்டு வந்துடறோம்" என்பார்கள். அது சிகிச்சை இல்லை, ஆள்கடத்தல். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனநலக் கோளாறுகளையும் மனநோய் கணக்கில்தான் வைக்கிறது, அதனால் அந்தச் சட்டம் தரும் உரிமை எல்லாம் அவருக்கும் உண்டு.

நேரில் போங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். டிரஸ்ட் பத்திரத்தை நீட்டினால் அது வேறு சமாச்சாரம். குடியை நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், பிதற்றலும் வரலாம், ஆகவே ராத்திரியில் எந்த டாக்டர் இருப்பார் என்றும் கேட்டுவிடுங்கள்.

அவரே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் நல்லது. பிறகு போகணும் என்றால் விட்டுவிட வேண்டும், மதிப்பீட்டுக்காக அதிகபட்சம் 24 மணி நேரம் நிறுத்திவைக்கலாம். சம்மதம் இல்லையென்றால் 89-ஆம் பிரிவு: அவருடைய பிரதிநிதியாக மனைவியோ அம்மாவோ விண்ணப்பிக்கலாம், ஆனால் அது மட்டும் போதாது. சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய 7 நாளிலோ இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல டாக்டர். தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாத நிலை என்று அவர்கள் எழுத வேண்டும். 'தினமும் குடிச்சிட்டு வந்து சண்டை' என்பது மட்டும் பெரும்பாலும் இதற்குள் வராது, கேட்கக் கஷ்டமாக இருந்தாலும். அதுவும் 30 நாள்தான். தாண்டினால் இரண்டு மனநல டாக்டர்களின் பரிசோதனையும், இதே சட்டப்படி அமைந்த மனநலச் சீராய்வு மன்றத்தின் அனுமதியும் வேண்டும். எனவே '90 நாள் பேக்கேஜ், பணம் மொத்தமா முன்னாடியே' என்பவரிடம் இந்த 30 நாள் கணக்கைக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் மாடியைப் பாருங்கள். நான் பார்த்த ஒரு இடத்தில் வரவேற்பறையில் துளசிச் செடி, தியானப் படம்; மாடிப்படி முடிவில் கம்பிக் கதவு, பூட்டு வெளிப்பக்கம், உள்ளே எல்லாருக்கும் மொட்டை. கட்டாய மொட்டை, சங்கிலி இரண்டையும் சட்டம் தடுக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் இறந்தார்கள்.

உள்ளே இருப்பவர் வீட்டுக்குப் போன் பேசலாம், கேஸ் ஷீட்டையும் கேட்டு வாங்கலாம். விடமாட்டேன் என்றால் இலவசச் சட்ட உதவிக்கு 15100. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லையா, அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, ராத்திரியிலும் எடுப்பார்கள்.