கோகோ விலை சரிந்தாலும் தாங்கும்படி வருமானத்தைப் பிரித்து அமைப்பது எப்படி?

ஆனைமலை, பொள்ளாச்சி வட்டாரத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கும் கோகோவின் விலை, உலக விளைச்சலில் பாதிக்கு மேல் தரும் ஐவரி கோஸ்டிலும் கானாவிலும் மழையும் நோயும் எப்படி இருக்கின்றன என்பதைப் பொறுத்தே ஏறி இறங்குகிறது. 2024 டிசம்பரில் டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டிய விலை, அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. 1980களின் தொடக்கத்தில் கேரளத்தில் விலை வீழ்ந்தபோது, வாங்க ஆளில்லாமல் மரங்களையே வெட்டிப் போட்டவர்கள் பலர்.

முதலில் பன்னிரண்டு மாதங்களையும் ஒரு தாளில் எழுதி, எந்த மாதம் பணம் வருகிறது, எந்த மாதம் உரமும் கூலியும் பள்ளிக் கட்டணமும் கையைக் கடிக்கின்றன என்று குறியுங்கள். புதிதாகச் சேர்க்கும் வருமானம் அந்த வறண்ட மாதங்களில் வர வேண்டும். இல்லையேல் வேலைதான் கூடும்.

கோகோ காய்ப்புக்கு வரும் வரை, முதல் மூன்று ஆண்டுகளுக்கு, வாழை நிழலும் தரும், காசும் தரும். உயர்ந்த தென்னைகளில் மிளகுக் கொடி ஏற்றலாம். ஜாதிக்காய் காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும் என்பதால், கடன் இல்லாதவர்கள் மட்டும் அதை நம்பலாம். தென்னை இருக்கிறதே என்று அசட்டையாக இருக்க வேண்டாம்: தென்னையைத் தாக்கும் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் 2016இல் பொள்ளாச்சியில்தான் முதலில் கண்டறியப்பட்டது, வாடல் நோயும் இப்பகுதித் தோப்புகளில் பரவியுள்ளது.

அடுத்து, கோகோ விதையை ஈரமாகவே விற்பதா, புளிக்க வைத்துக் காயவைத்து விற்பதா என்று பாருங்கள். ஏறக்குறைய மூன்று கிலோ ஈரவிதை காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும்; ஆகவே காய்ந்த விதையின் விலை ஈர விலையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போய், கூலியும் கட்டுப்படியானால் மட்டுமே பதப்படுத்துவது லாபம். விதையைப் பெட்டியிலோ கூடையிலோ வாழையிலையால் மூடி, இடையிடையே கிளறி, ஐந்து முதல் ஏழு நாள் புளிக்க வைக்க வேண்டும். நாலைந்து கிலோவை மட்டும் வைத்தால் சூடு ஏறாது, புளிப்பும் அரைகுறையாக நின்றுவிடும்; பக்கத்துத் தோப்புக்காரரின் விதையையும் சேர்த்துப் போடுவதே வழி.

தேன்பெட்டியும் வைக்கலாம், ஆனால் அது தென்னம்பாளைக்கும் தேனுக்கும்தான். கோகோ பூவில் மகரந்தம் சேர்ப்பவை கொசுவினும் சிறிய ஈக்கள். அவை மட்கும் வாழைத்தண்டிலும் சருகிலும் பெருகுவதால், தோப்பைத் துடைத்துப் பெருக்காதீர்கள். கருங்காய் அழுகல் கண்ட காய்களை மட்டும் உடனே பறித்து அகற்றுங்கள்.

எத்தனை வழியில் வருமானம் வந்தாலும், எல்லாவற்றுக்கும் ஒரே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் விலை சொல்பவர் அவர்தான். குறைந்தது ஒரு விளைபொருளையாவது கடன்படாமல் வேறிடத்தில் விற்றுவாருங்கள்.