தமிழில் பூடகக் குறுக்கெழுத்து: விடை காண்பதும் புதிர் அமைப்பதும்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஞாயிறு நாளிதழ்க் குறுக்கெழுத்தை நிரப்பிப் பழகியவர்கள், ‘கிரிப்டிக்’ எனப்படும் பூடகக் குறுக்கெழுத்தை முதன்முறை பார்க்கும்போது திகைப்பது இயல்பு. வழக்கமான புதிரில் குறிப்பு நேராகப் பொருளைச் சொல்லிவிடும். 1920களில் இங்கிலாந்தில் வளர்ந்த இந்த வகையிலோ, ஒரே வாக்கியத்துக்குள் விடையின் பொருளும், விடையை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழியும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். அவ்விரண்டையும் பிரிப்பதே விடை காண்பவரின் வேலை. பொருள் எப்போதும் வாக்கியத்தின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும் என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும்.

குறிப்பின் முடிவில் அடைப்புக்குறிக்குள் உள்ள எண், விடைக்குரிய கட்டங்களின் எண்ணிக்கை. உயிர்மெய்க்கு ஒரு கட்டம், புள்ளி வைத்த மெய்க்கும் ஒரு கட்டம்; ஆகவே கோலாலம்பூர் ஆறெழுத்துச் சொல்.

எளிய குறிப்பு ஒன்று: ‘முருகன் உறையுமிடம் ஒன்பதை அடுத்து வரும் குன்று (5)’. முதலிரு சொற்கள் பொருள், ஒன்பதை அடுத்து வருவது பத்து, குன்று என்றால் மலை, விடை பத்துமலை. ‘கதவு உடைந்தபின் தெரியும் தகுதி (3)’ என்பதில் ‘உடைந்தபின்’ என்ற சொல் எழுத்துகளை இடம் மாற்றச் சொல்கிறது, விடை தகவு. ‘அம்மா தவித்தபோது உள்ளே இருந்தாள் ஆடல்மகள் (3)’ என்பதில் விடை கண்ணெதிரே ஒளிந்திருக்கிறது. முதலிரு சொற்களைச் சேர்த்துப் படித்தால் நடுவில் மாதவி தென்படுவாள்.

இனி, நான் மிகவும் மதிக்கும் வகைக்கு வருகிறேன்: ‘கலைக்குள் கால் வைத்தால் மனக்கலக்கம் (3)’. கலக்கம் என்ற சொல்லைக் கண்டதும் எழுத்துகளைக் கலைத்துப் பார்க்கத் தோன்றும்; அது வீண் அலைச்சல், ஏனெனில் மனக்கலக்கம் என்பது முழுமையாகவே பொருள்பகுதி. கால் என்பது பாதமன்று, நான்கில் ஒரு பங்கு. பழந்தமிழ்க் கணக்கில் அதன் குறி ‘வ’. கலை என்ற சொல்லுக்குள் ‘வ’வை வைத்தால் கவலை. எட்டுக்கு ‘அ’, காலுக்கு ‘வ’ என்று வைத்து ‘எட்டேகால் லட்சணமே’ என்று ஔவை பாடியதாக வழங்கும் தனிப்பாடலை அறிந்தவருக்கு இந்த உத்தி புதிதாக இராது. க, உ, ங, ச என்று தொடங்கும் தமிழ் எண்களை ஒருமுறை மனனம் செய்துவிட்டால் இத்தகைய குறிப்புகள் பல எளிதில் அவிழும். உருபுகளையும் கூர்ந்து பார்க்க வேண்டும். ‘கலைக்குள்’ என்பதன் ஈற்றிலுள்ள ‘உள்’தான் இங்கே முழு வேலையையும் செய்கிறது.

பள்ளியில் படித்த எழுத்திலக்கணம் இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. ஒரு கட்டத்தில் ‘ங்’ விழுந்தால் அடுத்தது பெரும்பாலும் ககர வரிசையாகவே இருக்கும். ‘ஞ்’ விழுந்தால் சகரத்தை எதிர்பார்க்கலாம். தமிழ்ச் சொல் க், ச், ட், த், ப், ற் ஆகிய வல்லின மெய்களில் முடியாது. ஓர் எழுத்தை வைத்து அடுத்த எழுத்தை ஊகிக்க இவ்வளவு உறுதியான விதிகள் நமக்கு இருக்கும்போது, குறிப்பை மட்டும் வெறித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

புதிர் அமைப்பவருக்கோ அதே விதிகள் கட்டுப்பாடாக மாறுகின்றன. கட்டத்தை அரைச்சுற்றுத் திருப்பினாலும் கறுப்பு வெள்ளை அமைப்பு மாறாதிருப்பது மரபு. தொடக்கத்துக்கு ஒன்பதுக்கு ஒன்பது போதும். முதல் வரிசையில் பத்துமலையை வைத்து, ஒன்று விட்டு ஒரு கட்டத்திலிருந்து நெடுக்குச் சொற்களை இறக்குவதாகக் கொள்வோம். ‘ப’, ‘து’ ஆகியவற்றில் சொற்கள் ஏராளம். ஆனால் ஐந்தாம் கட்டத்தில் ‘லை’ நிற்கிறது. அதில் தமிழ்ச் சொல் தொடங்காது. லைசன்ஸ் போன்ற கடன்சொல்லைத்தான் நம்ப வேண்டும். அதே சொல்லை மூன்றாம் வரிசைக்கு இறக்கிவிட்டால் ‘லை’ தலையாலங்காடு என்ற ஊர்ப்பெயரின் ‘லை’யாக நெடுக்குச் சொல்லின் நடுவில் அமர்ந்துகொள்ளும். அதனால் முதல் வரிசைக்கும் இடப்புற ஓரத்துக்கும் உரிய சொற்களை முதலில் தேர்ந்துகொண்டு, மற்றவற்றைப் பிறகு நிரப்புவதே நல்லது. வேற்றுமை உருபேற்ற சொற்களையும் வினையெச்சங்களையும் விடையாக வைக்காமல், அகராதியில் தலைச்சொல்லாக நிற்பவற்றையே வைக்க வேண்டும்.

குறிப்பு எழுதுவதில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று நேர்மை. ‘ஸிமினீஸ்’ என்ற புனைபெயரில் புதிர் அமைத்த டெரிக் மக்நட் 1966இல் வகுத்த நெறிப்படி, ஒரு குறிப்பில் சரியான பொருளும் நியாயமான சொல்லாட்டமும் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. தமிழில் இந்த நெறி பெரும்பாலும் மீறப்படுவது ஒற்றெழுத்தில்தான். ‘ஈயைப் போகச் சொன்ன பேராக் தலைநகர் (3)’ என்று எழுதினால் ஈப்போ என்று எவரும் கண்டுபிடித்துவிடுவார். ஆயினும் நடுவிலுள்ள ‘ப்’ எங்கிருந்து வந்தது என்பதற்குக் குறிப்பில் விடையில்லை. ‘ஈ, உப்பின் நடுவே, போகச் சொன்ன பேராக் தலைநகர்’ என்று திருத்தினால், உப்பு என்ற சொல்லின் நடுவெழுத்தாகிய ‘ப்’ கணக்கில் வந்துவிடும். வாக்கியம் சற்றுக் கரடுமுரடானாலும் இதுவே ஏற்கத்தக்கது.

எழுதி முடித்தபின், விளக்கம் எதுவும் சொல்லாமல் இருவரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அவர்களில் ஒருவர் மலேசியாவுக்கு வெளியே வளர்ந்தவராக இருப்பது நலம். ‘வாரத்தில் ஒரு நாள், கையில் பணம் (3)’ என்றால் ரிங்கிட்டை வெள்ளி என்று சொல்லிப் பழகிய நமக்கு உடனே விளங்கும்; தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்குப் பாதிதான் விளங்கும். புதிர் அவர்களுக்கும் போய்ச் சேருமானால், ‘மலேசியரின் கையில் பணம்’ என்று ஒரு சொல்லைக் கூட்டிவிட வேண்டும்.